4 மில்லிமீட்டர் தேய்மானம்: மிதி குப்பைத்தொட்டியைப் பழுது பார்த்த கதை

மூடி பாதிதான் திறந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அது தரையில் போய் முட்டியதே தவிர, மூடி ஏறக்குறைய 45 டிகிரியிலேயே நின்றுவிட்டது. கையால் தூக்கினால் தாராளமாகத் திறக்கிறது, ஆகவே கீலில் கோளாறு இல்லை. இந்த மாதிரித் தொட்டி மக்கர் பண்ணினால், மூடியைத் தள்ளும் கம்பி வளைந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். கம்பியை உருவி அளவுகோலை ஒட்டி வைத்துப் பார்த்தேன். துளிக் கோணல் இல்லை.

தொட்டியைக் கவிழ்த்ததும் விஷயம் தெரிந்தது. அடியில் ஒரு இரும்புப் பட்டை ஓடுகிறது. அதன் முன்முனைதான் நாம் மிதிக்கும் மிதி. பின்முனை, நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பியைத் தூக்கிவிடுகிறது. நடுவில் எங்கோ, அடிப்பாகத்தின் இரண்டு பிளாஸ்டிக் காதுகளுக்குள் நுழைந்த ஒரு 5 மி.மீ. அச்சில் பட்டை ஆடுகிறது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் இரண்டும் கீழ்நோக்கித் தேய்ந்து, 9 மி.மீ. நீளத்துக்கு முட்டை வடிவமாகிக் கிடந்தன. அதாவது அச்சு தன் இடத்திலிருந்து 4 மி.மீ. இறங்கிவிட்டது.

வெறும் 4 மி.மீ. இறக்கம் மூடியைப் பாதியில் நிறுத்துமா என்று சந்தேகம் வந்தது. அளவுகோலை எடுத்தேன்.

மிதி குப்பைத்தொட்டிக்குள் இருப்பது ஒரு நெம்புகோல் அல்ல, இரண்டு. முதலாவது அடியில் உள்ள பட்டை: கால் படும் இடத்திலிருந்து அச்சுக்கு 8 செ.மீ., அச்சிலிருந்து கம்பிக்கு 16 செ.மீ. மிதி 1 மி.மீ. இறங்கினால் கம்பி 2 மி.மீ. ஏறும். இரண்டாவது மூடியே. கீல்தான் அதன் ஆதாரப்புள்ளி. கம்பி கீலிலிருந்து 4 செ.மீ. தள்ளி மூடியை முட்டுகிறது. மூடியின் குறுக்களவு 26 செ.மீ. என்பதால் அதன் எடை மையம் கீலிலிருந்து 13 செ.மீ. தூரத்தில் விழுகிறது.

மிதிக்கும் தரைக்கும் இடைவெளி 20 மி.மீ. அச்சு தன் இடத்தில் இருந்தால், மிதி தரையைத் தொடும்போது கம்பி 40 மி.மீ. ஏற வேண்டும். அதற்கு முன்பே, 70 டிகிரியில், மூடி தன் தடுப்பில் போய் நின்றுவிடும். இப்போது அச்சு 4 மி.மீ. தொங்குகிறது. மிதியின் முதல் 4 மி.மீ. அச்சைக் கீழே இழுப்பதிலேயே வீணாகிறது. மிச்சம் 16. அதன் இரு மடங்கு 32. அதிலிருந்தும் அச்சோடு சேர்ந்து பட்டை முழுவதும் இறங்கிய 4-ஐக் கழித்தால் 28. ஆக, அச்சில் 4 மி.மீ. போனதற்குக் கம்பியில் 12 மி.மீ. போய்விட்டது. கீலிலிருந்து 40 மி.மீ. தள்ளியிருக்கும் புள்ளி 28 மி.மீ. ஏறினால் மூடி திறக்கும் கோணம் 44 டிகிரி. பாகைமானியை வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதுவேதான்.

எடைக் கணக்கையும் போட்டுவிடலாம். மூடி 400 கிராம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பது கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நிறுவிக் காட்டிய விதி. 400 × 13 = கம்பியின் விசை × 4. கம்பி 1.3 கிலோ கொடுத்தால்தான் மூடி அசையும். அடுத்து 1.3 × 16 = காலின் விசை × 8. கால் 2.6 கிலோ கொடுக்க வேண்டும். 400 கிராம் மூடியைத் தூக்க 2.6 கிலோ! (பௌதிக ஆசிரியர்கள் இதை நியூட்டனில் எழுதச் சொல்வார்கள், 1 கிலோ எடை என்பது சுமார் 9.8 நியூட்டன். பிறகு நான் அளக்கப் பயன்படுத்திய கொக்கித் தராசு கிலோவில்தான் காட்டுகிறது, நானும் அதிலேயே எழுதுகிறேன்.)

நெம்புகோல் என்றாலே சிறிய விசையைப் பெரிதாக்குவது என்று பள்ளியில் படித்து மனத்தில் பதிந்துவிட்டது. இங்கே நடப்பது நேர் தலைகீழ். காலில் விசைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பாதத்தை 10 செ.மீ. தூக்கித் தூக்கி மிதிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் விசையைத் தாராளமாகச் செலவழித்து, அசைவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மிதியை 2 செ.மீ.க்கும் குறைவாக அசைத்தால் மூடியின் முன்விளிம்பு 20 செ.மீ.க்கு மேல் எழும்புகிறது. மிதி குப்பைத்தொட்டியின் பெருமையைப் பெரும்பாலும் அமெரிக்கப் பொறியாளர் லிலியன் கில்பிரெத்துக்கு (1878–1972) கொடுக்கிறார்கள். வேலை செய்பவரின் உடல் எத்தனை முறை எவ்வளவு தூரம் அசைகிறது என்பதை அளந்து குறைப்பதே தொழிலாக இருந்தவர் அவர், பொருத்தம்தான்.

சரி, 2.6 கிலோவுக்கா பிளாஸ்டிக் தேய்ந்தது? இல்லை. கால் 2.6 கிலோவும் கம்பி 1.3 கிலோவும் பட்டையைக் கீழே அழுத்துகின்றன, இரண்டையும் தாங்கிக்கொண்டு நிற்பது அச்சு. 3.9 கிலோ. அதுவும் பெரிய பாரம் இல்லை. ஆனால் மூடி 70 டிகிரியில் தடுப்பில் முட்டி நின்ற பிறகும் கால் நிற்பதில்லையே. மிதி அப்போது தரைக்கு ஒரு மி.மீ. சொச்சம் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் 30 கிலோ பாரத்தைக் காலில் இறக்கினால், கம்பி திருப்பி 15 கிலோவைத் தள்ளும், அச்சு 45 கிலோவைத் தாங்க வேண்டும். அதைத் தாங்குவது 3 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகள். ஒவ்வொரு மிதிக்கும் இது நடக்கிறது.

இதற்கப்புறம் வீட்டில் எந்த நெம்புகோலைப் பார்த்தாலும் என் கண் அச்சுக்குத்தான் போகிறது. கைப்பிடி பெரிதாக இருக்கும், வாய் கனமாக இருக்கும், இரண்டின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் அச்சு மட்டும் இருப்பதிலேயே பொடிசாக இருக்கும். எதுவும் இறுகிக்கொண்டால் நாம் செய்வது இன்னும் கொஞ்சம் அழுத்துவது. அந்த ‘இன்னும் கொஞ்சம்’ பெருகிப் போய் விழுகிற இடம் அது.

பழுது பார்க்க ஓட்டையை எப்பாக்சி பசையால் அடைத்து மறுபடி துளையிடலாம் என்பது பரவலான யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தொட்டிகளில் வருவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதன்மேல் பசை சரியாக ஒட்டாது. அடைத்த துண்டு அப்படியே கழன்று வரும். பிளாஸ்டிக்கைச் சுமக்கவிடாமல் உலோகத்தைச் சுமக்கவைப்பதுதான் முறை.

2 மி.மீ. தடிமனுள்ள எல் வடிவ அலுமினியப் பட்டையில் 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் அறுத்தேன். ஒவ்வொன்றின் ஒரு முகம் தொட்டியின் அடிப்பாகத்தோடு படுத்திருக்கும், மறுமுகம் பிளாஸ்டிக் காதை ஒட்டி நிற்கும். அச்சின் புது ஓட்டையை எங்கே போடுவது என்பதில்தான் கவனம் தேவை. தேய்ந்த ஓட்டையின் நடுவைக் குறித்தால் 2 மி.மீ. பிசகும், அது கம்பிக்குப் போகும்போது 6 மி.மீ. ஆகிவிடும். தேய்மானம் கீழ்ப்பக்கம் மட்டுமே என்பதால், முட்டை வடிவத்தின் மேல்விளிம்பு பழையபடியே இருக்கிறது. அந்த விளிம்பிலிருந்து (தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது, மேல் கீழ் மாறிப்போகும், கவனம்) 2.5 மி.மீ. உள்ளே வந்தால் பழைய மையம். அங்கே பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டால் முதலில் துளைத்து, பிறகு 5 மி.மீ. பிட். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளைத்துவிட வேண்டும், தனித்தனியாகத் துளைத்தால் அச்சு கோணலாக உட்காரும். பிசிறை வட்ட அரத்தால் எடுத்துவிட்டேன்.

அச்சுக்கு 5 மி.மீ. போல்ட். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தலையிலிருந்து நுனி வரை மரை ஓடும் போல்ட்டை வாங்கிவிடக் கூடாது. மரை அரம் மாதிரி அலுமினியத்தை அறுத்து, வேறொரு முட்டை வடிவத்தை உண்டாக்கும். மரை நுனியில் மட்டும் இருந்து, காதுகளுக்குள் வரும் நீளம் முழுவதும் வழுவழுப்பான தண்டாக இருக்கிற போல்ட் வேண்டும். இரண்டு பக்கமும் நைலான் வாஷர், முடிவில் நைலான் வளையம் உள்ள லாக் நட். நட்டை முழுக்க முறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தினேன். பட்டை தன் எடையிலேயே தொங்கி ஆட வேண்டும், அதுதான் கணக்கு. அலுமினியத் துண்டுகளைத் தொட்டியின் அடியில் ஸ்குரூ போட்டு, உள்ளே பெரிய வாஷர் வைத்து இறுக்கியாயிற்று.

தொட்டியை மேசை விளிம்பில் நிறுத்தி, மிதியில் கொக்கித் தராசை மாட்டிக் கீழே இழுத்தேன். மூடி கிளம்பும்போது 2.9 கிலோ காட்டியது. கணக்கு சொன்னது 2.6. பட்டையின் நீண்ட பக்கத்து எடையும் உராய்வும் மிச்சத்தை எடுத்துக்கொள்கின்றன.

இதோடு விட்டிருந்தால் காலப்போக்கில் அலுமினியமும் தேயும், காரணம் அப்படியே இருக்கிறதே. மிதியின் அடியில் 2 மி.மீ. ரப்பர்த் துண்டு ஒன்றை ஒட்டினேன். மிதி இப்போது 18 மி.மீ. இறங்கியதும் தரையைத் தொட்டுவிடுகிறது. கம்பி 36 மி.மீ. ஏறுகிறது, மூடி 64 டிகிரியில் நிற்கிறது, தடுப்பு வரை போவதே இல்லை. இனி 30 கிலோ என்ன, முழு உடம்பையும் மிதியில் ஏற்றினாலும் அது தரைக்குப் போகும், அச்சுக்கு 4 கிலோ சொச்சம்தான். 6 டிகிரியைக் கொடுத்து 40 கிலோவை இறக்கிவைத்தது நல்ல பேரம் என்பேன். தயாரிப்பிலேயே இதைச் செய்திருக்கலாம்.

தராசும் அளவுகோலும் வெளியே வந்துவிட்டதால் மற்ற சாமான்களையும் ஒரு பார்வை பார்த்தேன். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று பாடப்புத்தகம் நெம்புகோலைப் பிரிக்கும். நடுவில் இருப்பது ஆதாரப்புள்ளியா, பளுவா, விசையா என்பதுதான் அந்தப் பிரிவினை. பரீட்சைக்கு உதவும். கையில் பொருளை வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: அச்சு எவ்வளவு சுமக்கிறது? முதல் வகையில் விசையும் பளுவும் ஒரே திசையில் அழுத்துவதால் அச்சுக்கு இரண்டின் கூட்டுத்தொகை. மற்ற இரண்டிலும் வித்தியாசம் மட்டுமே.

கட்டிங் பிளேயர் முதல் வகை. கைப்பிடியில் 15 கிலோ அழுத்தம், ரிவெட்டிலிருந்து 12 செ.மீ. தூரத்தில். கம்பி 2 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதன்மேல் 90 கிலோ விழுகிறது, ரிவெட்டில் 105. கம்பியை வாயின் நுனியில், 4 செ.மீ.யில் வைத்தால் 45-தான் கிடைக்கும். வெட்டும் பகுதியை ரிவெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதன் காரணம் இது. பழைய பிளேயர் ஒன்றின் வாய் வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி காட்டியது, மெல்லிய கம்பியை வெட்டாமல் மடித்தது. விளிம்பைச் சாணை பிடித்துப் பயனில்லை, ரிவெட் தளர்ந்திருந்தால் இரண்டு விளிம்புகளும் பக்கவாட்டில் விலகிப்போகும். இரும்புக் கட்டையில் வைத்து ரிவெட் தலையைச் சுத்தியலால் இலேசாகத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். வெட்டுகிறது. கத்தரிக்கோலும் இதே ரகம், துணியை மடித்துத் தள்ளினால் முதலில் நடு ஸ்குரூவைப் பார்க்க வேண்டும்.

நகவெட்டி சின்ன சாமான்தான், ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்தது அதனோடுதான். அதிலும் இரண்டு நெம்புகோல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே திருப்பி வைக்கும் கைப்பிடி, இரண்டு தகடுகளையும் ஊடுருவி நிற்கும் குத்துக்காலின் தலையில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. தள்ளி மேல்தகட்டை அழுத்துகிறது. விரல் படுவது 50 மி.மீ. தூரத்தில். பத்து மடங்கு. அழுத்தப்படும் தகடு இன்னொரு நெம்புகோல். அதன் ஆதாரம் பின்கோடியில் இரண்டு தகடுகளும் சேரும் இடம். குத்துக்கால் அங்கிருந்து 45 மி.மீ.யில், வெட்டும் விளிம்பு 52 மி.மீ.யில். இங்கே 45-க்கு 52 என்று கொஞ்சம் இழக்கிறோம். பெருக்கிப் பார்த்தால் நிகரமாகச் சுமார் எட்டரை மடங்கு, தகடுகளை வளைக்கப் போகும் விசையைக் கணக்கில் சேர்க்காமல். விரலால் 3 கிலோ அழுத்தினால் நகத்தில் 25 கிலோவுக்கு மேல். இரண்டாவது நெம்புகோலுக்குத் தனியாக அச்சே கிடையாது, தகடு வளைவதுதான் அச்சின் வேலையைச் செய்கிறது. விரலை எடுத்ததும் வாயைத் திறந்துவைப்பதும் அதே வளைவு. சாமணமும் இடுக்கியும் இப்படித்தான், வளைவே அச்சு. தேய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. நகவெட்டியில் அச்சாகத் தேயக்கூடியது குத்துக்காலின் தலை மட்டும். அது தேய்ந்தால் கைப்பிடி தகட்டில் போய்ப் படிந்தும் வாய் மூடாது.

சுத்தியலின் பிளவில் ஆணியை மாட்டி இழுக்கும்போது ஆதாரப்புள்ளியே நகர்ந்துகொண்டு போகிறது. தொடக்கத்தில் ஆணி, சுத்தியல் மரத்தைத் தொடும் இடத்திலிருந்து 3 செ.மீ.யில், கை 30 செ.மீ.யில். பத்து மடங்கு. தலை உருள உருள, தொடும் இடம் ஆணியை விட்டு விலகுகிறது, மடங்கு குறைகிறது, ஆணியும் வளைகிறது. தலைக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் மறுபடி நேராக இழுக்கலாம், மரப்பரப்பில் பள்ளமும் விழாது.

கதவுதான் ஆபத்தானது. கைப்பிடி கீலிலிருந்து 80 செ.மீ. கீல் பக்கத்து இடுக்கில், கீலிலிருந்து 2 செ.மீ.யில் ஒரு பென்சில் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு மூடவில்லையே என்று 5 கிலோ தள்ளினால் பென்சிலில் 200 கிலோ. வித்தியாசமான 195 கிலோ கீலின்மேல் வந்து, கீலைச் சட்டத்திலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. மேல் கீலின் ஸ்குரூ திரும்பத் திரும்பக் கழல்கிறது என்றால் ஸ்குரூவை மாற்றுவதற்கு முன் அந்த இடுக்கைப் பார்ப்பது நல்லது. பெயிண்ட் கட்டி காய்ந்துபோயிருந்தால்கூடப் போதும். பென்சிலின் இடத்தில் குழந்தையின் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

கடைசியாக ஃப்ளஷ் டேங்க். தண்ணீர் நிற்காமல் நிரம்பி வழியும் குழாயில் போய்க்கொண்டே இருந்தது. மிதவைப் பந்து, அதன் கை, கையின் மறுமுனையில் வால்வை அடைக்கும் ரப்பர் வாஷர். பந்து அச்சிலிருந்து 22 செ.மீ., வாஷரை அழுத்தும் இடம் 2 செ.மீ. பதினொரு மடங்கு. பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. 10 செ.மீ. பந்து பாதி மூழ்கினால் 260 கிராம் தண்ணீரை விலக்கும், பந்தின் சொந்த எடை 80 கிராமைக் கழித்தால் 180 கிராம் மேல்நோக்கித் தள்ளும். பதினொன்றால் பெருக்கினால் 2 கிலோ. வால்வின் ஓட்டை 6 மி.மீ., ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் வந்தால் அது திருப்பித் தள்ளுவது 600 கிராமுக்கும் குறைவு. விசை தாராளமாக இருக்கிறது. பிறகேன் வழிகிறது?

வாஷரை எடுத்துப் பார்த்தால், வால்வின் விளிம்பு பதிந்து பதிந்து 1 மி.மீ. ஆழத்துக்கு வளையமாகப் பள்ளம். அந்த 1 மி.மீ.யை ஈடுகட்ட பந்து 11 மி.மீ. கூடுதலாக ஏற வேண்டும். அதற்குள் தண்ணீர் வழியும் குழாயின் வாயைத் தாண்டிவிடுகிறது. மிதவையின் கையைக் கீழே வளைத்துவிட்டால் சரியாகும் என்பார்கள். ஆகும், பள்ளம் இன்னும் ஒரு மி.மீ. ஆழமாகும் வரை. கையைத் தாங்கும் அச்சையும் ஆட்டிப் பார்த்தேன், பித்தளை, ஆட்டம் இல்லை. வாஷரை மட்டும் மாற்றினேன். தண்ணீர் இப்போது தேவைக்கும் கீழேயே நின்றது. கையை யாரோ முன்பே வளைத்துவைத்திருக்கிறார்கள். அதை இரண்டு கைகளாலும் பிடித்து, அச்சுக்குப் பாரம் போகாமல், நடுவில் நிமிர்த்திவிட்டேன்.